கால்களில் துணித் தடம்

தாம்பரத்தில் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எம்.ஆர்.ஐ. மிஷினைக் கண்டாலே பயப்படுவார்கள். முனியம்மா பயப்படவில்லை. "இன்னா பண்ணிடும் கண்ணு, படந்தானே புடிக்கும்?" என்று சிரித்தாள்.

படப்பைக்காரி. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் எட்டு மணி நேரம் நின்றபடி சப்பாத்தி போடுகிறவள். சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அந்த லீவுக்கே சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாராம். "டாக்டரு உப்பையும் நிறுத்திட்டாரு. இனிமே எனக்கு ரோசமே வராது, போ" என்பாள்.

மாடியில் அவளுக்கு டயாலிசிஸ் பார்க்கும் டாக்டர் ஐசக் கெண்டைக்கால் படம் கேட்டிருந்தார். உடம்பில் மிஞ்சிய நீர் காலில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று படத்தில் தெரியும். அதிகம் இருந்தால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

மிஷினில் அவள் காலைப் பொருத்தும்போது பார்த்தேன். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை வரிவரியாகத் துணி கட்டிய தடம். கேட்டதும் ஒப்புக்கொண்டாள். இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காமல், பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டி, அரிசி மூட்டைமேல் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்திருக்கிறாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைப் பெருக்குவதுபோல டாக்டருக்குக் காலைத் தயார் செய்திருக்கிறாள்! எனக்குக் கோபமாக வந்தது.

"டாக்டராண்ட சொல்லிடாத கண்ணு. மூணாவது நாளும் லீவு போட்டா வேற ஆள வெச்சிருவாங்க. வூட்ல சம்பாரிக்கிறது நான் ஒருத்திதான்."

நான் சொல்லவில்லை. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். படத்தில் நீர் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. வாரம் இரண்டு நாளே போதும் என்று டாக்டர் எழுதினார். அடுத்த வாரம் முனியம்மா எனக்கு நாலு சப்பாத்தி கொண்டுவந்தாள். சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அதே பெயரில் சீட்டு வந்தது. ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தபடி வந்தாள். கேன்டீனில் வேறு ஆளைப் போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. கால் இரண்டும் தொடைவரை வீங்கியிருந்தன. படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. மூன்று முறை முயன்றோம். படுக்க முடியாதவளுக்கு இந்த மிஷினில் படம் எடுக்க முடியாது.

"இப்ப சொல்லிடு கண்ணு" என்றாள். "மூணு நாளும் வரேன்."

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "இனி சொல்லி என்ன செல்வமேரி, இதயமும் கெட்டுப்போச்சு" என்றார்.

திரும்பி வந்து அவள் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினேன். நீர் கோத்த சதையில் குழி விழுந்தது. அந்தக் குழி, ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போகும்வரை நிரம்பவே இல்லை.