பண்டங்களைத் துறந்து வாருங்கள்

மழையில் நனைந்த மைக்குக்கு ஒரு வாடை உண்டு. துருவும் பீடியும், முன்னால் அதில் பேசியவர்கள் அத்தனை பேரின் எச்சிலும் கலந்த வாடை. அதை முகர்ந்துகொண்டுதான், பவானியில் ஆற்றோரத் தெரு ஒன்றை என் நல்ல தமிழால் நான் மூழ்கடிக்கப் பார்த்தேன். இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொல்லாததற்கு வெட்கம் காரணமில்லை. ஆரம்பித்தால் அகராதியிலிருந்து எருமை வரைக்கும் விளக்கியாக வேண்டுமே என்ற அலுப்புதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அப்பாவுக்கு மாற்றல் கிடைத்து, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் வந்த புதிது. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி வாங்கியிருந்தேன். தமிழ் என்னை நம்பித்தான் இருக்கிறது என்ற எண்ணம் அதிலிருந்து தொடங்கியது. அந்த ஐப்பசியில் மேலே அணைகள் நிரம்பி, ஆறு படித்துறையைத் தாண்டி, சாக்கடை வழியாகக் கொல்லைப்புறத்து விருந்தாளி போல ஊருக்குள் வந்தது. ஆற்றோரத்து ஜனங்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்க ஏற்பாடாயிற்று. வழக்கமாக சினிமா விளம்பரம் சொல்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், அப்பா என்னைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். "சாமானையெல்லாம் விட்டுட்டு ஆளுங்க உடனே மேட்டுக்கு வரணும்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாதே."

‘சாமான்’ என்பது சோப்புப் பெட்டி வாங்கியவன் வாயில் வருகிற சொல்லா? தெரு முனையிலேயே அதைத் திருத்திவிட்டேன். "பெருமக்களே! பண்டங்களைத் துறந்து, உயிரே பெரிதென உணர்ந்து, உடனே புறப்பட்டு வாருங்கள்!"

ஆட்டோ ஓட்டிய பஷீர் பாய் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். அது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தும் ஒரு ஆள் கிளம்பவில்லை. ஜப்திக்கு வந்தவனைப் பார்ப்பது போல வாசலில் நின்று பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற ராசம்மக்கா வண்டியை மறித்தார். அவருடைய மூன்று கால் நாய் ‘மிலிட்டரி’ என்னைப் பார்த்துக் குரைத்தது.

"ஏனுங்க பாய், வண்டிய நிறுத்துங்க. கண்ணு, நீ ஆபீஸ்காரரு பையன்தான? பண்டத்த உட்டுப்போட்டு வரோணுமாக்கும்?"

"ஆமாங்க அக்கா. உயிர்தான் முக்கியம்."

"அதுக்கு மட்டும் உசுரில்லையா?"

பித்தளை அண்டாவின் மேல் இவ்வளவு பாசமா என்று வியந்து, "போனா போகட்டுங்க, வேற வாங்கிக்கலாம்" என்றேன்.

"உங்கம்மா தண்ணியில போனா வேற வாங்கிக்குவியா சாமி?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குள் தண்ணீர் அவர் வாசற்படியை நக்கிக்கொண்டிருந்தது.

தெருக்கோடியில் பஷீர் பாய்க்குப் பொறுமை அற்றுப்போயிற்று. "தம்பி, என்ற ஊட்டுலயும் ரெண்டு வெள்ளாடு இருக்குது. கவர்மெண்டு சொல்லுதேன்னு வாய மூடிட்டு ஓட்டறேன். ஆனா நான் அதுகள உட்டுப்போட்டு வரமாட்டேன், ஆமா!"

"ஆட்டைப் பத்தி நான் எங்கே பாய் சொன்னேன்?"

"பண்டம்னா வேற என்ன?"

"அண்டா, குண்டா, கட்டில், பீரோ..."

பாய் வண்டியை நிறுத்தினார். "அட கெரகமே! எங்கூருல பண்டம்னா ஆடு மாடு. பண்டம்பாடின்னு சொல்லிக் கேட்டதில்ல நீயி?"

கேட்டிருக்கிறேன். யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அதன்பின் என் தமிழில் அலங்காரம் எதுவும் மிஞ்சவில்லை. "ஏனுங்க, எல்லாரும் வாங்க! ஆடு, மாடு, நாய், பூனை, கோழி எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க! அண்டாவை மட்டும் விட்டுட்டு வாங்க!" என்று கத்தினேன். அப்படிச் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் மனிதர்களுக்கு மட்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் கதவுகள் திறந்துகொண்டன. மூடியில்லாத குக்கரில் ஒரு கோழி வந்தது. பள்ளிப் பைக்குள் ஒரு பூனை வந்தது. பாயின் ஆடுகள் ஆட்டோவிலேயே ஏறின. அதில் ஒன்று என் மடியில் உட்கார்ந்து மைக் வயரை மென்றது.

பள்ளிக்கூட வாசலில் ஹெட்மாஸ்டர் அப்பாவிடம், "இது பள்ளிக்கூடமா, சந்தையா?" என்று கேட்டார். அப்பா, "பையனுக்கு வாய் கொஞ்சம் நீளம் சார்" என்றார். எல்லோரும் வந்தாயிற்று, ராசம்மக்காவைத் தவிர. கீழே தெரு இருந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் ஓடியது. உப்புமாவைத் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் நின்றேன். அந்தக் கதவைச் சாத்தவைத்தது என் சொல்தான் என்பதை எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

பிறகு பாய் கையை நீட்டினார். முதலில் இரண்டு கொம்பு தெரிந்தது. எருமைக்குப் பின்னால், இடுப்பளவுத் தண்ணீரில் ராசம்மக்கா, தலையில் சாணிக்கூடை. அதற்குள் மிலிட்டரி, சாமி புறப்பாடு போல நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு. என் இரண்டாவது அறிவிப்பு சாத்திய கதவுக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்தது. தண்ணீர் வடியும்வரை ஆறாம் வகுப்பில் எருமை இருந்தது. சாணி அள்ளும் பொறுப்பைப் பேச்சாளருக்கே கொடுத்தார்கள். முதுகு அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. இன்னும் முழுசாக விடவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகப் பவானி போயிருந்தேன். தெரு முழுக்க மாடி வீடுகள். மாட்டுக் கொட்டகைகள் இருந்த இடங்களில் பைக்குகள் நிற்கின்றன. வெள்ள எச்சரிக்கை இப்போது செல்போனில், நான் பேசியதைப் போன்ற சுத்தமான தமிழில் வருகிறதாம். அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள அங்கே ஒரு எருமை கிடையாது. ‘பண்டம்’ என்று கேட்டால் அந்தத் தெருக் குழந்தைகள் முறுக்கு என்கிறார்கள்.

ராசம்மக்கா மகன் வீட்டு மாடியில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மைக்கில் இரண்டாவது தடவை கூப்பிட்டதும் நான்தான் என்று, அடக்கம் போலத் தொனிக்கும்படி சொன்னேன். அவர் சீரியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டாவதா எதும் என்ற காதுல உழுகலியே கண்ணு. எருமை கயித்த அத்துக்கிட்டு மேட்டப் பாத்து ஓடுச்சு. அதப் புடிக்கத்தான் வந்தேன்."