மண்ணில் கீறிய யானை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அந்தக் கோபத்தால் உருப்படியாக நடந்த காரியங்களும் உண்டு. அவற்றில் ஒன்றுதான் இது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போனேன். ஐந்தாம் வகுப்புக்கு முதல் நாளே "என் வீடு" என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னேன். ஓலைக் கொட்டிலிலும் தறப்பாள் கூரைக்குக் கீழும் படுத்தெழும்புகிற பிள்ளைகள், தங்கள் வீட்டுக்குச் சிவப்பு ஓடு, நாலு அறை, முற்றத்தில் ரோசாத் தோட்டம் என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்கள். வகுப்பு முழுவதும் ஒரே வீட்டில் குடியிருந்தது. முன்பு யாரோ கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கக் கொடுத்த கட்டுரை அது. ஒரு பிழைகூட இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த வீடு ஆரின்ரை வீடு?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் தொடக்கம் எல்லாரையும் வெளியே பாலைமரத்துக்குக் கீழே கொண்டுபோய் இருத்தினேன். கொப்பி அந்தக் காலத்தில் லேசில் கிடைக்காது. சண்டையால் சாமான் வருகிற பாதை பூட்டிக் கிடந்தது. ஒரு கொப்பியை நடுவால் பிரித்து இரண்டு பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுப்போம். யோசிப்பதற்கெல்லாம் கடதாசியைச் செலவழிக்க முடியாது. மண்ணுக்கு என்ன பஞ்சம்? ஆளுக்கொரு தென்னோலை ஈர்க்கைக் கையில் கொடுத்தேன். எழுதப்போகிற விஷயத்தில் தன் கண்ணால் கண்டதை முதலில் மண்ணில் கீற வேண்டும். பக்கத்தில் தெரிந்த ஆங்கிலச் சொல்லைப் போட வேண்டும். எது முதலில், எது கடைசியில் என்று கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பக் கீறலாம், காசா பணமா. எல்லாம் சரியென்று பட்ட பிறகுதான் பென்சிலைத் தொடலாம். எழுதி முடித்ததும் அதே ஈர்க்கை வரிக்குக் கீழே வைத்து, கடைசி வசனத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக வாசித்துப் பிழை பார்க்க வேண்டும். மேலிருந்து வாசித்தால் வாய் தன்பாட்டில் ஓடிவிடும், கண் பிழையைக் காணாது.

இன்னொரு சட்டமும் வைத்தேன். எழுதத் தொடங்க முதல் மண்ணில் கீறியதைக் காலால் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பவர் பார்த்துக் கீறுவார், பிறகு வகுப்பு முழுவதும் திரும்ப ஒரே வீட்டில் குடியேறிவிடும்.

வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அதிகம் கதைக்க மாட்டாள், ஆனால் ஈர்க்கைப் பிடித்தால் விடவும் மாட்டாள். அவளுடைய தகப்பன் வாழைத் தோட்டம் செய்கிறவர். ஒரு நாள் பள்ளிக்கூட வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"ரீச்சர், கோவியாதேங்கோ. இப்பதான் ஏடு தொடக்கின சின்னப் பிள்ளையள் மண்ணிலை கீறலாம். அஞ்சாம் வகுப்புப் பிள்ளையும் மண்ணிலையோ?"

"மண்ணிலை கீறினால்தான் கடதாசியிலை பொய் எழுதாது" என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த வருடம் பிரதேசத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை யாரும் போனதில்லை. நான் அந்தச் சிறுமியின் பெயரைக் கொடுத்தேன். தகப்பன் நெடுநேரம் யோசித்துத்தான் சம்மதித்தார். "நாலு பேருக்கு முன்னாலை என்ரை பிள்ளை தலை குனியாமல் கூட்டிக்கொண்டு வாங்கோ, ரீச்சர். எனக்குப் பரிசு வேண்டாம்."

சைக்கிள் கரியரில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். போட்டி நடந்தது ஒரு பெரிய பள்ளிக்கூட மண்டபத்தில். உள்ளே எட்டிப் பார்த்தேன். நிலம் முழுவதும் சீமெந்து. வருடம் முழுக்க மண்ணில் பழக்கிய பிள்ளையைச் சீமெந்தில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறேன். ஆளுக்கு ஒரேயொரு தாள். மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பாடமாக்கியதைக் கொட்டத் தொடங்கின. இவள் பென்சிலை வைத்துவிட்டுக் காலடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

பிறகு எழுந்து, வெளியே போக அனுமதி கேட்டாள். கிணற்றடிப் பக்கம் போனவள் சிறிது நேரத்தில் வந்து உட்கார்ந்து, தலை நிமிராமல் எழுதினாள். நேரம் முடிய முன்னரே எழுதிக் கொடுத்தும் விட்டாள்.

மேற்பார்வைக்கு இருந்த ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். ஆள் கெட்டவரில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

"ரீச்சர், இந்தப் பிள்ளை வெளியிலை போயிட்டு வந்துதான் எழுதத் தொடங்கினது. ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம். இதை நான் எடுக்கேலாது."

"மண்ணிலை கீறிப் பாத்துத்தான் எழுதுவாள், சேர். அதுக்குத்தான் போயிருப்பாள்."

"எங்கை கீறினது? காட்டச் சொல்லுங்கோ பாப்பம்."

அவள் என்னைப் பார்த்தாள். "அழிச்சிட்டன் ரீச்சர்" என்றாள்.

என் சட்டம் என் பிள்ளையின் கழுத்துக்கே வந்து நின்றது. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகப்பன் கேட்டது அந்த ஒன்றைத்தானே, அதுவும் போகப் போகிறது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. "அப்ப உங்கடை கண்ணுக்கு முன்னாலை எழுதட்டும். தலைப்பை நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, "யானை" என்றார். தரையில் வாழும் மிருகங்களில் யானையே பெரியது என்று தொடங்கும் கட்டுரை அந்நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம். அதைத்தான் ஒப்புவிக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

அவள் கிணற்றடி மண்ணில் போய்க் குந்தினாள். சட்டைப் பைக்குள்ளிருந்து ஈர்க்கை எடுத்தாள். ஒரு வாழை கீறினாள். வாழையை விடச் சின்னதாக ஒரு மனிதன், கையில் தகரம். ஒரு யானை. யானையின் கால்கள் சரியாக வரவில்லை, அழித்துத் திரும்பக் கீறினாள். பக்கத்தில் சொற்கள். யானையிலிருந்து வாழைக்கு ஒரு கோடு, பிறகு அதை அழித்து, மனிதனிலிருந்து தொடங்கினாள். அந்த ஆசிரியர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

எல்லாவற்றையும் காலால் அழித்துவிட்டு, அவர் கொடுத்த புதுத் தாளில் எழுதினாள். அப்பா தகரத்தைத் தட்டினார், யானை போகவில்லை, வாழைக்குலையைத் தின்று முடித்துவிட்டுத்தான் போனது, அப்பா காலை வரை தட்டிக்கொண்டிருந்தார் என்று ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வசனங்கள். அவளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"போதும் பிள்ளை, விளங்கிட்டுது. முதல் எழுதினதையும் நான் எடுக்கிறன்" என்று தாளுக்குக் கை நீட்டினார்.

அவள் தாளைக் கொடுக்கவில்லை.

"பொறுங்கோ சேர். இன்னும் பிழை பாக்கேல்லை."

இவள் என் பிள்ளை என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் எனக்கு இருந்தது. அவர் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் ஈர்க்கைக் கடைசி வரிக்குக் கீழே வைத்து, வசனம் வசனமாக மேலே ஏறினாள். ஓரிடத்தில் நின்று, விடுபட்ட ஒரு சொல்லை மேலே ஏற்றி எழுதினாள். தலைப்பு வரை போய்ச் சேர்ந்ததும் ஈர்க்கைப் பைக்குள் வைத்தாள்.

"இப்ப எடுங்கோ சேர்" என்றாள்.