பிரேக் அக்காவின் கழுத்து

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி வண்டியில் அவள் உட்காரும் இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. பதினோரு வருஷமாக அவள் கால் அதை விட்டு நகர்ந்ததில்லை. மனசு தங்கம் என்று சொல்ல ஆசைதான். கிளட்ச்சைத் தேய்ப்பவர்களை அவள் திட்டுவதைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நாலு வயசில் கொதிக்கிற வெந்நீரை இழுத்துத் தன்மேல் கவிழ்த்துக்கொண்டவள். பாத்திரத்தை எட்டும் இடத்தில் வைத்தது அம்மா. இடது தாடையிலிருந்து காறை எலும்பு வரை தழும்பு மேடுதட்டி இறுகி, கழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டது. வலப்பக்கம் தலை தனியாகத் திரும்பாது. இடுப்போடு சேர்ந்து ஆளே திரும்ப வேண்டும். ஸ்டியரிங் பிடித்திருப்பவரைப் பார்க்க அவள் அப்படி மொத்தமாகத் திரும்பும்போது, புதிதாகச் சேர்ந்தவர்கள் அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். ஓடுகிற வண்டியில் அது அவ்வளவு நல்லதில்லை.

அம்மா வாங்கிக் குவித்த களிம்புகள் அலமாரியில் ஒரு தட்டை அடைத்துக்கொண்டிருந்தன. அவள் கண்டுகொள்ளவில்லை. "அழகிப் போட்டிக்கா போறேன்?" என்று தட்டிக்கழித்துவிடுவாள்.

வினை அவளிடம் ஓட்டக் கற்ற ரொட்டிக்கடைக்காரர் உருவில் வந்தது. ஓட்டுநர் தேர்வில் மூன்றாம் முறையாகத் தோற்றுவிட்டு, மாவு ஒட்டிய சட்டையோடு நின்றார் மனிதர். தேர்வு அதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், உங்ககிட்ட படிச்சவங்களை நான் பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவேன். பின்னாடி பாருங்கன்னா கழுத்தைத் திருப்ப மாட்டாங்க. இடுப்பைத் திருப்புவாங்க. கூடவே ஸ்டியரிங்கும் திரும்பிடுது. இவர் கம்பத்தை இடிச்சிட்டார்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் வாயால் சொன்னதை யாரும் கற்றுக்கொள்ளவில்லை. அவள் திரும்புவதைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரரின் கழுத்தில் ஒரு குறையும் கிடையாது, பாவம். இனி அந்த இருக்கையில் உட்காருவதென்றால் கழுத்து திரும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் கூடவே கிளம்பினாள், களிம்புப் பையோடு. எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினாள். டாக்டர் சின்னப் பெண். ஒவ்வொன்றாக எடுத்துப் பொறுமையாகப் படித்துப் பார்த்தாள்.

"மேடு அமுங்கணும், அரிப்பு அடங்கணும்னா தழும்புக்குள்ளயே ஊசி போடலாம். மாசத்துக்கு ஒண்ணு, அஞ்சாறு தடவை. மேல சிலிக்கான் தாள் ஒட்டலாம். சிவப்பு குறைய லேசர் இருக்கு, உங்களோடது வெளுத்தே போச்சு, அது வேணாம். ஆனா கழுத்து திரும்பணும்னா இதெல்லாம் பத்தாது. இறுகின இடத்தை வெட்டி, பக்கத்துத் தோலைக் கோணல்மாணலா நகர்த்தித் தைக்கணும்."

"தழும்பு போயிடும்ல?" என்றாள் அம்மா.

"போகாதும்மா. இதுக்குப் பதிலா வேற தழும்பு வரும். அதுவும் மேடாகலாம்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"கழுத்து திரும்புமா?" என்றாள் பிரேக் அக்கா.

"நல்லாவே திரும்பும்."

"அப்ப வெட்டுங்க."

வெட்டினார்கள். தையல் ஆறியதும் கழுத்தை அழுத்திப் பிடிக்கும் பட்டை ஒன்று வந்தது, குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். அதற்கடியில் சிலிக்கான் தாள். இரண்டு வேளையும் தழும்பை அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். அதை அம்மாதான் செய்தாள், கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு. கழுத்துப் பயிற்சி செய்யச் சொன்னால் பிரேக் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள், டாக்டரையும் கிளட்ச் தேய்ப்பவர்கள் கணக்கில் சேர்த்துத் திட்டினாள்.

ஐந்தாம் மாதம் ஒரு சாயங்காலம், அம்மாவும் மகளும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எப்போதும் அவளுக்கு வலப்பக்கம்தான் உட்காருவாள். தழும்பு தெரியாத பக்கம். அதைக் காணச் சகிக்காமல்தான் அங்கே போய் உட்காருகிறாள் என்று சின்ன வயசிலேயே அவள் புரிந்துவைத்திருந்தாள். வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அந்த வருத்தம் உண்டு.

ரிமோட்டைக் கேட்கலாமென்று சட்டென்று திரும்பினாள். தலை மட்டும் திரும்பியது.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆற அமர, வாய் லேசாகத் திறந்திருக்க. இத்தனை வருஷமும் இவள் இடுப்போடு திரும்பி முடிப்பதற்குள் பார்வையை மாற்றிக்கொள்ள அம்மாவுக்கு நேரம் இருந்திருக்கிறது.

"எவ்வளவு நாளாம்மா இப்படிப் பாத்துக்கிட்டு இருக்க?"

"யாரு, நானா? நான் டிவி பாத்துக்கிட்டு இருக்கேன்."

"டிவியை இன்னும் போடவே இல்லம்மா."

அம்மா ரிமோட்டை எடுத்து நீட்டினாள். பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.