தலை எண்ண வந்த நாள்

போன வாரம் மலை ரயிலில் போனேன். நானாகப் போகவில்லை, கூட்டிக்கொண்டு போனார்கள். கோயமுத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. நாத்தனாரின் மருமகள் ஜன்னலோரத்தில் என்னை உட்கார வைத்து, "இத்தனை வருசமா ஊட்டியிலயே இருக்கீங்க, இந்த ரயில்ல வந்ததே இல்லையாங்க அத்தை?" என்று வேறு கேட்டாள். ஆறு வருடம் சீசன் டிக்கெட் எடுத்துப் போனவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? சிறு பெண், அவளுக்கென்ன தெரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கேத்தி ஸ்டேஷன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி ஒரு முனகலோடு நின்றது. நின்றதும் பெட்டி முழுக்கக் கைதட்டல். ஆமாம், கைதட்டல்! ஒருவர் விசில் அடித்தார். நாலு பேர் கீழே குதித்துத் தண்டவாளத்தில் நின்று செல்பி எடுத்தார்கள். வண்டி நின்றுபோனால் சந்தோஷப்படுகிற ஜனங்களை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். டீசல் புகையும் தைல மரத்து ஈர வாசனையும் சேர்ந்து ஜன்னல் வழியாக வந்தன. அந்த வாசனை வந்தால் இன்றும் என் கண் தானாக வாட்சுக்குப் போய்விடும்.

நான் வேலைக்குப் போன காலத்தில் ஊட்டியிலிருந்து காலை ஏழு மணிக்கு ஒரு வண்டி உண்டு. எட்டரைக்குள் குன்னூரில் ஒரு தேயிலை ஆபீசில் நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். அந்த வண்டியில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான். வெடிமருந்து பேக்டரிக்காரர்கள் வழியில் அருவங்காட்டில் இறங்குவார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பேங்க், மார்க்கெட் என்று மற்றவர்கள் குன்னூருக்கு. யாருக்கு எந்த இடம் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. விவரம் தெரியாமல் யாராவது ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டோம். எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருப்போம். அடுத்த ஸ்டேஷன் லவ்டேல் வருவதற்குள் அவரே எழுந்துவிடுவார்.

லவ்டேலில்தான் மல்லிகா அக்கா ஏறுவார். குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. உட்கார்ந்த நிமிடமே பையிலிருந்து ஊசியும் கம்பளி நூலும் வெளியே வந்துவிடும். அந்தப் பெட்டியில் பாதிப் பேர் போட்டிருந்த ஸ்வெட்டர் அக்கா பின்னியதுதான். என்னுடையதில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கேட்டால், "சுரங்கத்துக்குள்ள பின்னுன கை அது கண்ணு" என்பார். அக்காவுக்கு பஸ் ஆகாது. மலைப்பாதை பஸ்ஸில் இரண்டு வளைவு திரும்பினால் போதும், குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. ரயிலில் ஒன்றும் செய்யாது. ரயில் இருந்ததால்தான் அக்காவுக்கு அந்த வேலை இருந்தது.

வண்டி நின்றுபோவது எங்களுக்குப் புதிதல்ல. மரம் விழும், மண் சரியும், காட்டெருமை நடுத் தண்டவாளத்தில் நின்று எங்களை முறைக்கும். முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் தலையைக்கூட நிமிர்த்த மாட்டோம். பிறகு பேக்டரி பிட்டர் செல்வராஜ் அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டித் தீர்ப்புச் சொல்வார். "பிரேக்குல வேக்கம் புடிக்கலீங்க, பத்து நிமிசம்" என்றால் உட்காரலாம். "இன்ஜினே போச்சுங்க" என்றால் டிபன் டப்பாக்கள் திறக்கும். மத்தியானத்துக்கு வைத்த எலுமிச்சை சாதத்தைக் காலை ஏழே முக்காலுக்குத் தின்றுவிட்டு மத்தியானம் பட்டினி கிடந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அதற்கும் பொறுமை போனால் ரோட்டுக்கு ஏறுவதுதான். தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை ஒன்று மேலே மெயின் ரோட்டுக்குப் போகும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி, வருகிற பஸ்ஸையோ லாரியையோ மறிப்போம். ஏறி முடிக்கும்போது சொல்லிவைத்தாற்போலக் கீழே வண்டி கிளம்பிப் போகும். வயிறு எரியும் பாருங்கள், அப்படி எரியும். ஆனாலும் அடுத்த முறையும் ஏறுவோம்.

இப்படி இருக்கையில் ஏழு மணி வண்டியை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கூட்டம் இல்லையாம். அட, கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வருகிறோம், கூட்டம் இல்லையாமே! எனக்கு வந்த கோபத்தில் நானே ஒரு மனு டைப் அடித்தேன். ஆபீஸ் மிஷினில், ஆபீஸ் காகிதத்தில்தான். பெட்டி பெட்டியாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இன்ன தேதி காலையில் ஒரு அதிகாரி அருவங்காடு ஸ்டேஷனில் நிற்பார், இறங்குகிறவர்கள், உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரையும் எண்ணுவார், அதை வைத்து முடிவு செய்வார்கள் என்று.

அன்றைக்கு ஒருவரும் லீவு போடக்கூடாது என்று வாரம் முழுக்கக் கத்தினேன். பஸ்ஸுக்கு மாறிப்போனவர்களைக்கூட வீடு தேடிப் போய்க் கூப்பிட்டேன். செல்வராஜ் அண்ணன் மச்சினனையும் மச்சினன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். "எங்கீங்க போறோம்?" என்று அந்தப் பெண் கேட்டபோது, "சும்மா உக்காரு, எண்ணுறதுக்கு" என்றார். பெட்டியில் எள் போட்டால் விழாது. எனக்குக் கல்யாண வீட்டுக்காரி மாதிரி பெருமை.

கேத்தி தாண்டியதும் வண்டி நின்றது.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. செல்வராஜ் அண்ணன் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்தார். முகமே சரியில்லை. "இன்ஜினுங்க. குன்னூர்லிருந்து வேற இன்ஜின் வரோணும். ஒரு மணி நேரத்துக்குக் கொறையாது."

பேக்டரி கேட் எட்டு மணிக்கு. முதலில் இரண்டு பேர் இறங்கினார்கள். நான் வாசலுக்கே போய் நின்றுகொண்டேன். "இன்னைக்குப் போயி எறங்கறீங்களே, உங்களுக்கெல்லாம் அறிவு இருக்குதா?" என்றேன். அதில் ஒருவர் நிதானமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் ஒருத்தன் போனா என்னாயிருமுங்க? இத்தனை கூட்டம் இருக்குதல்ல?" என்றார். அடுத்து இறங்கியவரும் அதையேதான் சொன்னார். அடுத்தவரும் அதையேதான். செல்வராஜ் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "கோவிச்சுக்காத அம்மிணி, எனக்கு ஏற்கெனவே ரெண்டு லேட்டு" என்று மச்சினன் குடும்பத்தையும் ஓட்டிக்கொண்டு இறங்கினார். துரோகிகள் என்றுகூடச் சத்தம் போட்டேன் என்று நினைக்கிறேன்.

பிறகு வாட்சைப் பார்த்தேன். ஏழு ஐம்பத்தைந்து.

எங்கள் மானேஜர் அதற்கு முந்தின வாரம்தான் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார், "இன்னொரு நாள் லேட்டா வந்தா அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போயிடுங்க" என்று. வேலை அப்போது எனக்கு நிரந்தரம் ஆகவில்லை. அப்பா படுக்கையில், தம்பி காலேஜில். இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? உங்களிடம் நியாயம் கேட்கத்தான். இல்லை, அதுகூட இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"அக்கா…" என்றேன். மல்லிகா அக்கா பின்னிக்கொண்டிருந்தார். "நான் ஒருத்தி…"

"போ கண்ணு, நேரமாச்சு" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேலே ஏறினேன். ரோட்டில் எங்கள் வண்டியிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், செல்வராஜ் அண்ணன் உட்பட. ஒரு பஸ்கூட நிற்கவில்லை. எட்டு மணி தாண்டிவிட்டது. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் நின்றோம். அப்போதுதான் கீழே ஹாரன் சத்தம் கேட்டது. வேறு இன்ஜினும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அதே இன்ஜின்தான், எதையோ தட்டி எதையோ திருகிச் சரி செய்துவிட்டார்கள். தேயிலைக்கு நடுவில் வண்டி அசைந்து அசைந்து போனது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தோம், இந்தப் பக்க ஜன்னல் வழியாக அந்தப் பக்கத்து மரங்கள் தெரிந்தன. ஒருவர் டிபன் பையைத் தலைக்கு மேல் ஆட்டி, "நிறுத்துங்க! ஏனுங்க, நிறுத்துங்க!" என்று கத்தினார். செல்வராஜ் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கருமமே, ஒரு மணி நேரம்னு சொன்னவன் நாந்தான" என்றார்.

பிறகு ஒரு காய்கறி லாரி நின்றது. முட்டைக்கோஸ் மூட்டை மேல் உட்கார்ந்து குன்னூருக்குப் போய், எட்டரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆபீசுக்குள் நுழைந்தேன். மானேஜர் அன்றைக்கு லீவு.

நடந்ததை மல்லிகா அக்கா தானாகச் சொல்லவில்லை. மறுநாள் நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். அதிகாரி நல்ல மனிதராம். கையில் நான் டைப் அடித்த மனுவை வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக ஏறிப் பார்த்தாராம். மொத்தம் ஒன்பது பேர்.

"கையெழுத்துப் போட்டவங்கெல்லாம் எங்கம்மான்னு கேட்டாரு. வண்டி நின்னுபோச்சுங்க, எல்லாரும் எறங்கி ரோட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொன்னேன். அப்ப அவங்களுக்கு வேற வழி இருக்குதுன்னுதானே அர்த்தம்னு கேக்கறாரு."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"எனக்கு வேற வழி இல்லீங்கன்னேன். ஒருத்தருக்காக ரயில் விட முடியுமாம்மான்னு சிரிச்சுட்டு, குனிஞ்சு எழுதிக்கிட்டாரு."

அடுத்த மாதம் ஏழு மணி வண்டி நின்றது. நாங்கள் எல்லோரும் நாலு நாள் திட்டித் தீர்த்தோம். பிறகு பஸ்ஸுக்குப் பழகிக்கொண்டோம். எங்களுக்கு வேறு வழி இருந்ததே, அந்த மனிதர் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. மல்லிகா அக்காவும் பஸ்ஸில் வந்து பார்த்தார். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை, கண்ணை மூடிக்கொண்டு. குன்னூரில் இறங்கி நிற்கக்கூடக் காலில் தெம்பு இருக்காது. இரண்டு வாரம் அப்படி வந்தார். மூன்றாவது வாரம் பஸ்ஸில் அவரைக் காணவில்லை. ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். அக்காவின் வார்டுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லவ்டேலில் அவர் வீட்டுக்குப் போனேன். டீயும் வர்க்கியும் கொடுத்தார். என் கல்யாணப் பேச்சு என்னாயிற்று என்று கேட்டார். கடைசியில் என்னால் அடக்க முடியவில்லை. "அன்னைக்கு நான் எறங்காம உக்காந்திருந்தா உங்க வேலை போயிருக்காதுக்கா" என்றேன்.

அக்கா சிரித்தார். "நீ ஒருத்தி இருந்திருந்தா மட்டும் என்னாயிருக்கும் கண்ணு?" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதானே அக்கா, நாங்கள் அத்தனை பேரும் இறங்கினோம்.