கன்னியப்பன் கழற்றிய வாசல் பீடிங்

நான் இப்போது சொல்லப் போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று ஏழுமலையான் சாட்சியாக உறுதி கூறுகிறேன். இதுவரை நான் சொன்ன எதையும் நீங்கள் நம்பியதில்லை. ஆனால் தச்சர் கன்னியப்பனை நம்பாதவர் நம்மில் யார்? நேற்றுக் காலை நாகலாபுரத்திலிருந்து அவர் மகன் பேசினான்: "பெரியப்பா, நைனா பூட்டாரு. காபி குடிச்சிக்கினே சாஞ்சிட்டாரு." உடனே பஸ் ஏறினேன்.

மட்டம் பார்க்கிற ரசமட்டத்தில் ஈ உட்கார்ந்தால் அது ஆண் ஈயா பெண் ஈயா என்று சாய்வை வைத்தே சொல்லிவிடுவார் அவர். "நேரா எவன் வேணா ஒட்டுவான் அண்ணா. மூலையில ரெண்டு துண்டு சேருது பாரு, அங்கதான் ஆளோட யோக்கியத தெரியும்" என்பார்.

பல வருடங்களுக்கு முன், திருப்பதியில் என் வீட்டு வாசல் நிலையைச் சுற்றிப் பூவேலை செய்த மரப் பீடிங் இருந்தது. மகளைப் பெண் பார்க்க வந்த சம்பந்தியிடம், அது சந்திரகிரி ராஜா என் பாட்டனாருக்கு யானைமேல் ஏற்றி அனுப்பிய செம்மரம் என்றேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். உண்மையில் அது வேம்பு. மேலே சிவப்புப் பாலிஷ். உள்ளே கறையான் கல்யாண மண்டபமே கட்டியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்குள் மாற்ற வேண்டும். கன்னியப்பன் எல்லாவற்றையும் கழற்றி, அதே பூவைச் செதுக்குவதற்காகத் தம் மொபெட்டில் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்.

சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். தமிழ் பேசுகிற ஆள், வண்டியில் சிவப்பு மரம்; நம் பக்கத்தில் இதற்குச் செம்மரக் கடத்தல் என்றுதான் அர்த்தம், நான் சொல்ல வேண்டியதில்லை. வேம்புதான் என்று அவர் சாதித்திருக்கிறார். வரிசையில் நின்ற என் தெருக்காரர் ஒருவர், உதவுவதாக நினைத்து, "அந்த வீட்டு மரமா? ராஜா குடுத்த செம்மரம்னு அவரே சொன்னாரே" என்றாராம்.

அதே நேரம், சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி என் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். "பீடிங்கு எங்க?" என்றார். பாலிஷுக்குப் போயிருக்கிறது என்றேன். போன் அடித்தது.

"அண்ணா, புடிச்சி வச்சிக்கிறாங்க. வேப்ப மரம்னு ஒரு வார்த்த சொல்லு. ஆபீசர்கிட்ட குடுக்கறேன்."

"ஏமண்டி, இதி எர்ரசந்தனமா, காதா?" என்றது அதிகாரியின் குரல்.

செம்மரமா இல்லையா என்ற கேள்விக்கு ஒரே ஒரு 'இல்லை' போதும். எதிரே சம்பந்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "சம்பந்தி வந்திருக்காரு, அப்புறம் பேசறேன்" என்று துண்டித்தேன். மறுபடி வந்தது, துண்டித்தேன். மறுபடியும்.

சம்பந்தி சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கிளம்ப நாலு மணி ஆயிற்று. அதற்கு மேல்தான் சாவடிக்குப் பறந்தேன். கன்னியப்பன் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் பக்கத்தில் இருந்தது. நான் வேம்பென்று சத்தியம் செய்தேன். அதிகாரி ஒரு துண்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டார்.

"வழியில யானைக் கூட்டம்யா, அதான் லேட்டு" என்றேன்.

"எத்தினி யானை அண்ணா?"

"பதினாலு."

என் கதைகளுக்கு எப்போதும் முதலில் சிரிப்பவர் அவர். அன்று சிரிக்கவில்லை. மரத்தை மறுபடி வண்டியில் கட்டிக்கொண்டே கேட்டார்: "சம்பந்தி துன்னுட்டாரா?"

ஆறாம் நாள் புதுப் பீடிங் அடித்துத் தந்தார். மூலைகளில் நகம்கூட நுழையாது. அந்த நாளைப் பற்றிப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க அத்தனை வருடங்கள் இருந்தும் நான் யானைகளையே பெருக்கிக்கொண்டிருந்தேன். நேற்று அவர் காலடியில் நின்றபோதும் கேட்காமல், மாலையை வைத்துவிட்டு வந்தேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, "சம்பந்தி துன்னுட்டாரா?" என்ற அந்தக் கேள்வி ஒன்றுதான்.

ராஜா பொய். யானைகள் பொய். ஈயும் பொய்தான். அவர் மூன்று முறை கூப்பிட்டதும், நான் மூன்று முறை துண்டித்ததும் மட்டும் நிஜம்.