தோணிக்குள்ளிருந்து சொன்ன ஓம்

கடந்த வெள்ளிக்கிழமை, அஸர் நேரத்துக்குச் சற்று முன், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தோணி கட்டும் மீராலெவ்வை ஓடாவியின் மௌத்துச் செய்தி கேட்டது. "கேட்டீங்களா?" என்று திரும்பிக் கேட்க வீட்டில் ஆளில்லை. அவர் பெயரை நானே ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.

ஊரவர் சேர்ந்து நடத்தும் கல்முனைத் தோணிப் பட்டறையில் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணவர் இறந்து, வீட்டுக்குள் இருந்த இத்தாக் காலம் முடிந்ததும், மூட்டு விட்டுக் கிடந்த அவருடைய சிறிய தோணியை அங்கே அனுப்பினேன். தோணிக்குரியவரும் வேலை செய்ய வேண்டும் என்பது பட்டறையின் வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியை என்று சலுகை கேட்க நான் விரும்பவில்லை. போய் நின்றேன்.

பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைக்க இருவர் வேண்டும். வெளியே ஓடாவி, உள்ளே நான். முகம் தெரியாது. துளை வழியே வரும் கயிற்றை நான் இறுக்கிவிட்டு, சரி என்பதற்கு "ஓம்" என்றால்தான் அவர் துளையில் ஆப்பு அடிப்பார்.

"இறுகிட்டா டீச்சர்?"

"கொன்வென்ட்டில கைக்குட்டைத் தையலுக்கு எனக்குத்தான் முதல் பரிசு."

"அது லேஞ்சிக்கு. இது கடலுக்கு. வாயால இறுக்காம கையால இறுக்குங்க."

அந்த நாட்களில் என்னோடு கதைத்த ஒரே குரல் அது.

கடைசி நாள் என் விரல்கள் மரத்துப்போயின. முடியவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. மூன்று தையல்களுக்கு, இறுகாமலே "ஓம்" என்றேன்.

வெள்ளோட்டத்தில் அந்த இடத்தில்தான் தண்ணீர் புகுந்தது.

"என்ன ஓடாவி, இது தோணியா, மா அரிக்கிற அரிதட்டா?" என்று ஒருவர் கேட்க, கரையே சிரித்தது.

ஓடாவி தையலைத் தடவிப் பார்த்தார். "என்ட கைப்பிழைதான்" என்றார்.

பிள்ளைகளின் கொப்பியில் ஒரு புள்ளி விடுபட்டாலும் பொறுக்காத நான், வாய் திறக்கவில்லை. கிழவனுக்குக் கை தளர்ந்துவிட்டது என்ற பேச்சு ஊரில் நிலைத்தது. பிறகு யாரும் அவரைத் தைக்கக் கூப்பிடவில்லை. நானும் பட்டறைப் பக்கம் போகவில்லை.

ஓடாவி மௌத்தாகி அடக்கமான மூன்றாம் நாள் அவர் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவருக்குத் தெரியுமே டீச்சர்" என்றார் மனைவி. "அந்த மூணு ஓமும் சத்தம் வேறயாம். 'டீச்சர் ஒருநாள் வந்து சொல்லுவா, நீ போய்க் கேட்டுராத' எண்டாரு. வாசல்ல ஆட்டோ நிண்டா எட்டிப் பாப்பாரு."

அந்தத் தோணியில் இறுகாத தையல் மூன்றும் என்னுடையவை. ஓடாவியின் கையில் பிழை இருக்கவில்லை. அன்று கரையில் நின்று சிரித்தவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது, இத்தனை நாள் அவர் தன் பெயரில் வைத்திருந்த என் பிழையை மட்டுமே.