கூட உட்கார்ந்தவர்

ஈப்போவில் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் பதினோரு வருடமாக நிற்கிறேன். போன வருடம் ஒரு மருந்துக் கம்பெனி விற்பனை வேலைக்குக் கூப்பிட்டது. சுங்கை சிப்புட்டிலிருந்து சித்தியவான் வரை கிளினிக் கிளினிக்காகப் போய் டாக்டர்களிடம் பேச வேண்டும். கார் தருவார்கள், சம்பளமும் கூடுதல். எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. அம்மா போனபின் வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. ஊர் சுற்றினால் தனிமை விட்டுப்போகும் என்று நம்பினேன். யாரிடமாவது யோசனை கேட்கலாமே என்றால், கேட்க ஆளிருந்தால் எனக்கு இந்த ஆசையே வந்திருக்காது.

முடிவு சொல்லுமுன் ஒருநாள் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அந்த வேலையை விட்டுப்போகும் பெண்ணோடு சுங்கை சிப்புட் போனேன். கிளினிக்கில் நல்ல கூட்டம். "பேஷண்ட் எல்லாம் முடிஞ்சாதான் நாம. கம்முன்னு இருக்கணும் லா," என்று சொல்லிவிட்டு, அவர் வாசலோரம் போனோடு உட்கார்ந்துவிட்டார். எனக்கு உள்ளே ஒரு நாற்காலி கிடைத்தது; கம்பெனி மருந்துப் பையை அதற்கடியில் தள்ளிவைத்தேன்.

பக்கத்தில் காலில் கட்டுப் போட்ட ஓர் அக்கா. "ஒடம்புக்கு என்னா செய்யுது? கூட யாரும் வரலியா?" என்றார். நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் சளிக்காய்ச்சலுக்குக்கூட கிளினிக்குக்குத் தனியாகப் போவதில்லை. மருந்து விற்க வந்தவள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் கேட்டதே எனக்குப் போதுமென்று ஆகிவிட்டது.

"தனியாதான் வந்தேங்க்கா."

தன் முறை முடிந்தும் அவர் போகவில்லை. திரும்ப என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மோட்டார் சைக்கிளோடு காத்திருந்த கணவரை, "இருங்க, இந்தப் புள்ள தனியா இருக்கு," என்று அடக்கினார். ஒரு மணி நேரம் போனது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எழுந்து போய்விடுவாரே.

கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்கள். நான் மருந்துப் பையை எடுத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "மருந்து விக்கிற ஆளா நீ? நல்ல ஆளு லா!" என்றார். டாக்டர் கணினியிலிருந்து தலை தூக்காமல் எங்களுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார். வெளியே வந்தால் அந்த அக்கா அங்கேயே இருந்தார்.

"இன்னும் போகலியாக்கா?"

"கூட உக்காந்தாச்சு. பாதியில எந்திரிச்சுப் போலாமா?" என்றவர், கணவரின் தோளைப் பிடித்து நொண்டியபடி போனார்.

காரில், "என்ன, சேர்றீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். இந்தப் பையோடு போகிற எந்தக் கிளினிக்கிலும் எனக்கு என்ன செய்கிறது என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை. வேண்டாம் என்றேன். ஈப்போ வந்து சேரும்வரை அழாமல் இருந்ததுதான் அன்று நான் பார்த்த வேலை.